அறுகம்புல் பக்தி

கும்பகோணத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் என்னை ஒரு பரம பிள்ளையார் பக்தன் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கியாதி என்னைத் தேடி வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அதற்கு முந்தைய அறுபத்திரண்டு ஆண்டுகளும், கோயில் வாசலைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றாமலே கன்னத்தில் இரண்டு போட்டுக்கொண்டு நடையைக் கட்டுகிறவர்களின் வர்க்கத்தைச் சேர்ந்தவனாகவே நான் காலம் தள்ளி வந்தேன். இப்போதோ, மழையானாலும் பனியானாலும் பல்வலியானாலும், பொழுது புலரும் வேளையில் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இரண்டு அறுகம்புல் மாலைகளை வாங்கிக்கொண்டு திரும்புகிற நியமத்துக்கு ஒருநாளும் பங்கம் வந்ததில்லை.

அந்த மாலைகள் போய்ச் சேருகிற இடம் எங்கள் வீட்டுக் கூடத்தின் வடகிழக்கு மூலை. சாஸ்திரம் அறிந்தவர்கள் அதை ஈசானிய மூலை என்பார்கள். அங்கே ஒரு கம்பிக் கூண்டுக்குள் கொழுக்கட்டையும் பணியாரமும் எனக்காகக் காத்திருக்கின்றன. பெயரைக் கேட்டு யாரும் நாவில் நீர் ஊறவிட வேண்டாம். இவை தின்பண்டங்கள் அல்ல, தின்பதையே முழுநேர உத்தியோகமாகக் கொண்ட இரண்டு ஜீவன்கள். சென்னையிலிருந்த என் மகள் குடும்பத்தோடு கனடாவுக்குப் புறப்பட்டபோது, "ரெண்டே மாசந்தான் தாத்தா, அங்க போய் செட்டில் ஆனதும் கூப்பிட்டுக்கறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பேத்தி ஒப்படைத்துவிட்டுப் போன அடைக்கலப் பொருள்கள். வெள்ளையாக, உருண்டையாக, மேலே யாரோ விரலால் பிடித்துவிட்டாற்போன்ற கொண்டையோடு இருப்பது கொழுக்கட்டை. பழுப்பாக, ஒரு பக்கம் மட்டும் கல்லில் அதிகநேரம் கிடந்து கருகியதுபோல் இருப்பது பணியாரம். இரண்டும் பெண் என்று கால்நடை டாக்டர் தூக்கிப் பார்த்து உறுதி சொல்லியிருக்கிறார். அந்த உறுதியை நான் பெரிய தனமாகவே மதிக்கிறேன். ஏனெனில் இந்த இனத்தில் கர்ப்பகாலம் ஏறத்தாழ 60 முதல் 70 நாள். குட்டிகள் கண் திறந்து, உரோமம் போர்த்து, பல் முளைத்துப் பிறந்து, மறுநாளே புல்லைக் கடிக்கத் தொடங்கிவிடும். பெற்றவளோ பெற்ற அன்றைக்கே மறுபடி கருத்தரிக்கச் சித்தமாக இருப்பாள். ஒன்று மட்டும் ஆணாக இருந்திருந்தால் நான் சைக்கிளில் அல்ல, மாட்டுவண்டியில் புல் கொண்டுவர வேண்டியிருந்திருக்கும்.

இந்தப் பிராணிக்கு உலகம் சூட்டியிருக்கும் நாமதேயங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஆங்கிலேயன் இதைக் கினி நாட்டுப் பன்றி என்கிறான். இது கினி நாட்டைக் கண்ணால் கண்டதுமில்லை, பன்றிக்கு இது உறவுமில்லை. ஜெர்மானியன் கடல் பன்றிக்குட்டி என்கிறான். கொழுக்கட்டைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே பட்டாலே மூன்று நாள் கோபம். பிரெஞ்சுக்காரனோ எல்லோரையும் மிஞ்சி, இந்தியப் பன்றி என்று பெயரிட்டு, பழியை நம் தலையிலேயே போட்டுவிட்டான். அமெரிக்கக் கரையை இந்தியா என்று கொலம்பஸ் நினைத்த பிசகு இன்னும் எந்தெந்த மூலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். நம்மவர்கள் கடல் கடந்து வந்த எதற்கும் சீமை என்ற அடைமொழியைச் சேர்த்து வழக்கை முடித்துவிடுகிற சுபாவம் உடையவர்களாதலால், சீமை எண்ணெய், சீமைக் கருவேலம் என்ற வரிசையில் இதைச் சீமைப்பெருச்சாளி என்றார்கள். சீமைக் கருவேலமும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கே. உள்ளே விட்டால் வெளியேற்ற முடியாது என்பதில் இரண்டும் ஒன்று.

ஆண்டீஸ் மலைக்காரர்கள் மட்டுமே நியாயமாக நடந்துகொண்டார்கள். ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பிடித்து வீட்டுப் பிராணியாக்கிய அவர்கள், அது எழுப்புகிற ஒலியையே பெயராக்கிக் 'குய்' என்று அழைத்தார்கள். பெயர் விஷயத்தில் இவ்வளவு மரியாதை காட்டியவர்கள் மற்ற விஷயத்தில் என்ன செய்தார்கள் என்றால், தின்றார்கள், இன்றும் தின்கிறார்கள். பெரு நாட்டுக் குஸ்கோ நகரத்துப் பெரிய தேவாலயத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் மார்க்கோஸ் சபாட்டா என்ற ஓவியர் தீட்டிய இயேசுவின் கடைசி இராப்போஜனப் படத்தில், மேஜையின் நடுத்தட்டில் மல்லாந்து படுத்திருப்பது ஒரு குய்தான். இதைப் படித்த அன்று, ஒன்றும் அறியாத என் பேத்தி இவற்றுக்குக் கொழுக்கட்டை, பணியாரம் என்று பெயர் வைத்த பொருத்தத்தை எண்ணி எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. பெயரை மாற்றி ராதை, ருக்மிணி என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி, புல் விவகாரத்துக்கு வருகிறேன். சீமைப்பெருச்சாளியின் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்னால் தெரிகிற நான்கு பல் மட்டுமல்ல, உள்ளே ஒளிந்திருக்கிற கடைவாய்ப் பற்களும் உள்பட இருபதும் வளரும். ஆகவே அல்லும் பகலும் நார்ச்சத்துள்ள எதையாவது அரைத்துத் தேய்த்துக்கொண்டே இராவிட்டால், வளர்ந்த பல்லே வாயை அடைத்துவிடும். குடலும் அப்படியே, சில மணிநேரம் ஓய்ந்தாலும் உயிருக்கே ஆபத்து. விரதம் என்ற சொல்லே இவற்றின் அகராதியில் கிடையாது. சென்னையில் அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கிற அந்நிய தேசத்து உலர்புல்லைப் போட்டு என் மகள் வளர்த்திருக்கிறாள். அதன் விலையைக் கேட்டபோது, ஓய்வூதியக்காரனாகிய நான் அந்தப் புல்லை நாமே சாப்பிட்டால் என்ன என்று ஒரு கணம் யோசித்தேன். வைக்கோல் ஆகாதா என்று டாக்டரைக் கேட்டேன். தம் சர்வீஸில் மாடும் ஆடுமே பார்த்துப் பழகிய அந்த நல்ல மனிதர், ஒரு தடிமனான புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "வைக்கோல்ல சத்து இல்ல சார், பச்சைப் புல் பாருங்க. அறுகம்புல் ரொம்ப நல்லது. மருந்தடிச்ச புல்லா இல்லாம பார்த்துக்குங்க; இதுக்கு வாந்தி எடுக்கத் தெரியாது, உள்ள போனா போனதுதான்" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு மஞ்சள் பையும் அரிவாளும் எடுத்துக்கொண்டு அரசலாற்றங்கரைக்குப் போனேன். மாவட்டக் கருவூலத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மற்றவர்களுடைய பில்களில் குற்றம் கண்டுபிடித்து ஜீவித்தவன் குனிந்து புல் அறுப்பதென்றால் இடுப்பு எப்படி ஒத்துழைக்கும்? இரண்டு பிடி அறுப்பதற்குள், எட்டுப் பத்து ஆடுகளோடு ஒரு பையன் வந்து என் எதிரே நின்று, "பெரியவரே, இது எங்க ஆடு மேயுற எடம்" என்றான். ஆடுகளும் அந்த அபிப்பிராயத்தை ஆமோதிப்பதுபோல் என்னைப் பார்த்தன. அவற்றுள் தாடி வைத்த ஒன்று என் பைக்குள் தலையை விட்டு, அதுவரை நான் சம்பாதித்ததைச் சாவதானமாகத் தின்று முடித்தது. தோட்டத்தில் தொட்டி வைத்து வளர்த்துப் பார்த்த கதையும் உண்டு. நாற்பது நாளில் வளர்ந்தது, நாற்பது நிமிஷத்தில் தீர்ந்தது.

அப்போதுதான் கோயில் வாசல் பாட்டியின் கூடையில் அடுக்கியிருந்த அறுகம்புல் மாலை என் கண்ணில் பட்டது. கழுவின புல், பச்சை வாடாத புல், அலைச்சல் இல்லாத புல். மாலை ஒன்று இருபது ரூபாய். அன்றிலிருந்து இன்றுவரை, மாலையைக் கையில் வாங்கி, நுனி வாடியிருக்கிறதா, அடி மஞ்சளித்திருக்கிறதா என்று விலக்கிப் பார்த்து, மருந்து நெடி அடிக்கிறதா என்று மூக்கருகில் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்து, திருப்தி ஏற்பட்ட பிறகே பணம் கொடுப்பது என் வழக்கம். பாட்டி ஒன்றும் சொல்லமாட்டாள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொள்வாள்.

மாலையில் ஒரே ஒரு சங்கடம், அது வாழைநாரில் கட்டியிருப்பது. நார் தொண்டையில் சிக்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தால், வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, புல்லை ஒருபுறமும் நாரை ஒருபுறமுமாகப் பிரித்து வைப்பேன். ஈரநார் நகக்கண்ணில் வழுக்கும். உலர்ந்த நார் விரலை அறுக்கும். ஒரு மாலைக்கு நாற்பது முடிச்சுக்குக் குறையாது. அவிழ்க்கிறவனுக்கும் கட்டுகிறவனுக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரிவதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம், கருவூலத்தில் கடுகடு என்று இருந்த மனிதர் விடிந்ததும் விடியாததுமாகத் திண்ணையில் அமர்ந்து தம் கையாலேயே பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறார் என்ற காட்சியே தென்பட்டிருக்கிறது. "ரிடையரானதும் பக்குவம் வந்துடுச்சு பாருங்க" என்று எதிர்வீட்டுத் தலைமையாசிரியர் தம் மனைவியிடம் சொன்னதை அந்த அம்மாள் என் மனைவியிடம் சொல்லி, என் மனைவி என்னிடம் சொல்லும்போது சிரிப்பை அடக்குவதற்காகப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

கோயில் குருக்களும் இதில் வந்து சேர்ந்துகொண்டார். ஒருநாள் நான் மாலையோடு சைக்கிளில் ஏறப் போகையில், "உள்ளே வந்து சாத்தச் சொல்லிட்டுப் போகலாமே" என்றார். திடுக்கிட்டுப்போய், "இல்லை, இது வீட்டுக்கு" என்றேன்.

"ஓ, ஆத்துலயே பூஜையா! மூர்த்தம் பெரிசோ?"

"சின்னதுதான். ரெண்டு."

"அடடா, இரட்டைப் பிள்ளையார்! ரொம்ப விசேஷம். நித்தியப்படி விடாம பண்ணுங்கோ, ஒரு நாள் விட்டாலும் தோஷம்."

ஒரு நாள் விட்டாலும் தோஷம் என்பது மருத்துவ ரீதியாகவும் உண்மையாகையால் நான் தலையை அசைத்தேன். என் வாயிலிருந்து பொய்யென்று ஒரு சொல்கூட வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஆனால் அன்று மாலைக்குள் இரட்டைப் பிள்ளையார் சமாசாரம் தெரு முழுவதும் பரவிவிட்டது.

இந்தப் பிராணிகளுக்குக் காது கூர்மை. நான் தெருமுனையில் திரும்புகிறபோதே சைக்கிளின் ஓசையை அறிந்து, கூண்டின் கம்பியில் முன்கால்களை ஊன்றிக்கொண்டு, எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவதுபோல் 'வீய்க், வீய்க்' என்று இரண்டும் முறைவைத்துக் கத்தத் தொடங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறந்தாலும் அதே கச்சேரி. பிளாஸ்டிக் பை சரசரத்தாலும் அதே. புல்லைப் போட்டதும் ஆனந்தம் தாங்காமல், தாளிக்கிற கரண்டியில் கடுகு வெடிப்பதுபோல் நின்ற இடத்திலேயே நான்கு காலும் தரையில் படாமல் துள்ளும். ஒருநாள் தலைமையாசிரியர் என்னைப் பார்த்து நெகிழ்ந்த குரலில், "அபிஷேகத்துக்குக் கிணத்துத் தண்ணிதான் எடுக்கறீங்க போலருக்கு. தெனமும் காலைல ராட்டினச் சத்தம் கேக்குது. இந்தக் காலத்துல யாரு சார் மோட்டார் போடாம இறைக்கறாங்க?" என்றார். எங்கள் வீட்டில் கிணறே இல்லை.

புல்லோடு முடிந்துவிட்டால் நான் அதிர்ஷ்டசாலி. உலகத்துப் பிராணிகளில் பெரும்பாலானவை தமக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நாயும் பூனையும் ஆடும் எலியும் நெல்லிக்காயைத் தேடி அலைவதில்லை. அதைச் செய்யத் திராணியற்ற சில ஜாதிகளில் மனிதன் ஒருவன், சீமைப்பெருச்சாளி மற்றொன்று. 1907-ல் நார்வே நாட்டு விஞ்ஞானிகள் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் கப்பல்காரர்களுக்கு வருகிற பெரிபெரி நோயை ஆராய்வதற்காக இவற்றுக்குத் தானியத்தை மட்டும் போட்டு வைக்க, பெரிபெரிக்குப் பதிலாக ஈறு வீங்கி ரத்தம் கசிகிற ஸ்கர்வி வந்து நின்றது. அந்த நோய்க்கு உணவே காரணம், உணவே மருந்து என்று தெளிவானது அவ்வழியாகத்தான். நேற்றுவரை அந்நியமாகத் தோன்றிய இந்த ஜந்துவிடம் அதைப் படித்த பிறகு எனக்கு ஒருவிதப் பங்காளிப் பாசம் ஏற்பட்டது. இருவருக்கும் பூர்வ ஜன்மத்தில் ஏதோ ஒரே குறை. ஆனால் நெல்லிக்காயை நறுக்கி வைத்தால் இரண்டும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குடைமிளகாய்தான் வேண்டும். அதிலும் பணியாரத்துக்குச் சிவப்பு.

என் மனைவிக்கு இந்த இடத்தில்தான் வெகுநாளைய வருத்தம் ஒன்று உண்டு. "கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷமா கொத்தமல்லி வாங்கிட்டு வாங்கன்னா, வாடினதும் காம்புமா ஒரு கட்டு கொண்டுவந்து போடுவீங்க. இதுங்களுக்குன்னா எலை எலையாப் பாத்து வாங்கறீங்க" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. கொத்தமல்லி சரியில்லாவிட்டால் அவள் ஒரு முணுமுணுப்போடு நிறுத்திக்கொள்வாள்; கொழுக்கட்டை தெரு முழுவதும் கேட்கக் கத்தும் என்ற காரணத்தை வெளியே சொல்ல முடியுமா?

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் நெருங்கியபோது வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. குளிர்ந்த மலைப்பிரதேசத்தில் தோன்றிய இந்த வம்சத்துக்கு 27, 28 பாகை வெப்பத்துக்கு மேல் போனாலே நெஞ்சு படபடக்கும். கும்பகோணத்தின் வெயிலோ அந்த எண்ணைக் காலை ஏழு மணிக்கே தாண்டிவிடும். கூண்டைச் சுற்றி ஈரக் கோணி தொங்கவிட்டேன். புது மண்பானை ஒன்றை வாங்கிப் படுக்கவைத்து, உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள வழிசெய்தேன். நண்பகலில் தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் கிடத்துவேன். இரண்டும் அதன்மேல் விலாவைச் சாய்த்து, கண்ணை மூடாமலே உறங்கும். 1782-83-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பாரிஸ் நகரத்து லவாய்சியே, லாப்லாஸ் என்ற இரு மேதைகள் ஒரு சீமைப்பெருச்சாளியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் உடல் உஷ்ணத்தால் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்து, மூச்சு விடுவதும் மெழுகுவத்தி எரிவதும் ஒரே வகைக் காரியம் என்று நிரூபித்தார்களாம். நானும் பனிக்கட்டி வைத்தேன். அளந்து பார்த்தது மின்சாரக் கட்டணத்தை மட்டுமே. கூடத்தில் அவற்றுக்காக இரவும் பகலும் சுழன்ற மின்விசிறியின் கீழ், அவற்றுக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு ஓரத்தில், நானும் பாய் விரித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

இவற்றில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். சுவிட்சர்லாந்தில் அது சட்டவிரோதம் என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் உண்மை. தனிமையில் இந்தப் பிராணி ஏங்கிப்போகும் என்பதால், ஒற்றையாக வளர்க்கக் கூடாதென்று அந்நாட்டார் 2008-ல் விதி செய்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற குமாஸ்தாக்களை ஒற்றையாக விடக்கூடாதென்று எந்தத் தேசத்திலாவது சட்டம் உண்டா என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

ஆவணி பிறந்து விநாயக சதுர்த்தி வந்தது. வருஷம் முழுவதும் இருபது ரூபாய்க்கு விற்ற மாலை அன்றைக்கு அறுபது ரூபாய் ஆகுமென்றும், மறுநாள் புல்லே வராதென்றும் முன்கூட்டியே கேள்விப்பட்டிருந்தேனாதலால், முதல் நாள் மாலையிலேயே போய்ப் பத்து மாலைகளை மொத்தமாக வாங்கிச் சைக்கிள் பின்பீடத்தில் கட்டிக்கொண்டு வந்தேன். பார்த்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஓர் அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னையா, புல்லையா என்று தெரியவில்லை. அடுத்த வாரமே தலைமையாசிரியரை முன்னிட்டுக்கொண்டு நான்கு பேர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து, கோயில் கும்பாபிஷேகத் திருப்பணிக்கு நான்தான் பொருளாளராக இருக்க வேண்டும் என்றார்கள். உள்ளே கொழுக்கட்டை 'வீய்க்' என்றது. "அபிஷேக நேரம் போலருக்கு" என்று அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஆயிரத்தொரு ரூபாய்க்கு ரசீது போட்டுக்கொண்டு, பதவியையும் ஏற்றுக்கொண்டு, அவர்களை வாசலோடு அனுப்பிவைத்தேன்.

அவர்கள் போன பிறகு, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மனைவியிடம் யோசனை கேட்டேன். "எதுக்கு? பிள்ளையார் வாகனம் பெருச்சாளிதானே. வண்டிக்குப் பெட்ரோல் போட்டா சொந்தக்காரருக்குப் போட்ட மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். கருவூலத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு செலவினத்துக்கு நியாயம் எழுதிய அதிகாரியை நான் கண்டதில்லை.

ஆனாலும் சென்ற வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். வழக்கம்போல் மாலை கேட்டேன். பாட்டி மாலையை எடுக்கவில்லை; கூடைக்கு அடியிலிருந்து வாழை இலையில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தேன், உதிரிப் புல். ஒரு நார்கூட இல்லை.

"கட்டாம வெச்சிருக்கேன் ஐயா. நார் தொண்டையில மாட்டிக்கும்ல?"

நான் திகைத்துப்போய், அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சாமிக்கு வாங்குறவங்க யாராச்சும் மோந்து பாத்து வாங்குவாங்களா? நீங்க மொத நாளே மோந்துதானே பாத்தீங்க" என்றாள் அவள், வெற்றிலையை மறுகன்னத்துக்கு மாற்றியபடி. பிறகு கூடைமேல் குனிந்து, "எத்தினி மொசலு ஐயா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முயல் இல்லை பாட்டி, பெருச்சாளி. சீமைப்பெருச்சாளி. ரெண்டு."

அவள் ஒரு கணம் கோயிலுக்குள் பார்த்தாள். கர்ப்பக்கிருகத்துக்கு எதிரே எண்ணெய்ப் பிசுக்கோடு உட்கார்ந்திருந்த கல் பெருச்சாளியைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"மொசலுன்னா அஞ்சு ரூபா கொறைச்சுக்கலாம்னு பாத்தேன்" என்று சொல்லிக் கையை நீட்டினாள். "பெருச்சாளின்னா சாமிக்குத்தானே. நாப்பது குடுங்க."